‘இன்னும்’ என்ற சொல்லுக்கு எட்டு அமர்வுகள்: யூட்டாவில் ஒரு தம்பதியர் ஆலோசனைச் சேவை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் நகரத்துக்கும் புரோவோவுக்கும் இடையே மலையடிவாரத்தில் வரிசையாக அமைந்த ஊர்களில் ஒன்றில், சமய நம்பிக்கையில் வேறுபட்ட கணவன் மனைவியருக்கென்றே ஆலோசனை வழங்கும் ஒரு சிறிய நிலையம் இருக்கிறது. பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில், மூன்று அறைகளும் இரண்டு ஆலோசகர்களுமாக இயங்கும் அந்த நிலையத்துக்கு நானும் என் மனைவியும் சென்ற குளிர்காலத்தில் எட்டு முறை போய் வந்தோம். குறைகளையும் சொல்லப் போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். இந்தப் பகுதிக்கு வேலை நிமித்தம் வந்து, இங்கே பரவலாக உள்ள மார்மன் என்ற சமயச் சபையைச் சேர்ந்த ஒருவரை மணந்துகொண்ட, அல்லது மணக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற தமிழர்கள் இப்படி ஒரு சேவைக்குப் பணம் கொடுக்கலாமா என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. மதிப்பெண் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு, ஐந்துக்கு மூன்றரை.

முதலில் பெயர் விஷயம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதே அவர்கள் தங்களுக்கு வைத்திருக்கும் பெயர். 2018ஆம் ஆண்டு அப்போதைய சபைத் தலைவர் ரசல் நெல்சன், ‘மார்மன்’ என்ற சொல்லைக் கைவிட்டு முழுப் பெயரையே பயன்படுத்துமாறு கேட்டுக்கொண்டார். என் மனைவி அதை அக்கறையோடு கடைப்பிடிப்பவர். படிப்பவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக நான் பழைய சொல்லைப் பயன்படுத்துகிறேன் என்று அவரிடம் சொல்லி, அவருடைய பெருமூச்சையும் பெற்றுக்கொண்ட பிறகே இதை எழுதுகிறேன்.

நான் எந்தக் கடவுளையும் நம்பாதவன். என் தந்தையும் அப்படியே. அம்மா கோயிலுக்குள் போய்வரும் வரை வெளியே செருப்புகளுக்குக் காவலாக நின்று, திரும்பும்போது மறக்காமல் மல்லிகைச் சரம் வாங்கிக் கொடுப்பவர். அதனால் பக்தியுள்ள மனைவியும் பக்தியில்லாத கணவனும் ஒரே வீட்டில் வாழ்வது எனக்கு அதிசயமாகத் தோன்றியதில்லை. வாசலில் நிற்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். ஆனால் மார்மன் ஆலயத்தின் வாசல் அப்படிப்பட்ட வாசல் இல்லை. ஞாயிறு வழிபாடு நடக்கும் கூடத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். ஆலயம் என்பது வேறு. அங்கே நுழைய, உள்ளூர்ச் சபைக்குப் பொறுப்பான பிஷப்பும், அவருக்கு மேல் பல உள்ளூர்ச் சபைகளைக் கவனிக்கும் ஸ்டேக் தலைவரும் தனித்தனியே நேர்காணல் செய்து தரும் அனுமதிச் சீட்டு வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். கணவன் மனைவியை மரணத்துக்கு அப்பாலும் இணைக்கும் ‘முத்திரித்தல்’ என்ற சடங்கு அந்த ஆலயத்துக்குள் மட்டுமே நடக்கும். எங்கள் திருமணம் அவருடைய பெற்றோர் வீட்டுத் தோட்டத்தில் நடந்த சட்டப்படியான திருமணம். அவருடைய நம்பிக்கைப்படி அதன் ஆயுள் எங்கள் ஆயுள் மட்டுமே.

பத்து ஆண்டுகள் இதைப் பற்றிப் பெரிதாகப் பேசாமலேயே வாழ்ந்துவிட்டோம். எங்கள் மகளுக்கு எட்டு வயது நெருங்கியதுதான் எங்களை அந்த மாடிப்படி ஏற வைத்தது. மார்மன் குழந்தைகள் எட்டு வயதில் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். நன்மை தீமைக்குப் பொறுப்பேற்கும் வயது அது என்பது 1831இல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்த வெளிப்பாடாக அவர்கள் கொள்ளும் ஒரு வசனத்தின் முடிவு. சிறுவருக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அதாவது, அதுவரை எதிலும் குறுக்கே நிற்காமல் ஒதுங்கியே இருந்த நான், முதன்முறையாக ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டியிருந்தது.

காத்திருப்பு அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் யூட்டாவில் காத்திருப்பு அறையே பாதி செய்தியைச் சொல்லிவிடும். சுவரில் கிறிஸ்து படமோ ஆலயப் படமோ இல்லை. சிவப்புப் பாறைகளின் புகைப்படங்கள் இரண்டு இருந்தன. இதைக் கவனித்து நான் நிம்மதியடைந்த அதே நொடியில், குடிப்பதற்கு வைத்திருந்தவை வெந்நீரும் சாக்லேட் பொடியும் மட்டுமே, மார்மன்கள் விலக்கிவைக்கும் காப்பியோ தேநீரோ இல்லை என்பதையும் கவனித்தேன். முதல் நாள் நிரப்பக் கொடுத்த படிவத்தில் ‘சபையில் உங்கள் நிலை’ என்ற கேள்விக்குக் கீழே மூன்று கட்டங்கள் இருந்தன: தொடர்ந்து செல்பவர், எப்போதாவது செல்பவர், விலகியவர். எனக்கான கட்டம் இல்லை. ஓரத்தில் ‘எப்போதுமே இல்லை’ என்று எழுதிவைத்தேன். இங்கே என்னைப் போன்றவர்களை ‘நெவர்மோ’ என்று அழைப்பார்கள். அச்சொல் அந்த நிலையத்தாருக்கும் நன்றாகத் தெரியும், ஆனால் படிவத்தில் அதற்கு இடம் கொடுக்கத் தோன்றவில்லை.

இதுவே என் பெரிய குறையும்கூட. இத்தகைய சேவைகள், இருவரும் நம்பிக்கையாளர்களாக ஆலயத்தில் மணந்துகொண்டு, பிற்பாடு ஒருவர் நம்பிக்கையை இழந்த தம்பதியரை மனத்தில் வைத்து உருவானவை. அதற்குக் காரணமும் இருக்கிறது: பியூ ஆய்வு மையம் 2014இல் நடத்திய கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் மணமான மார்மன்களில் 82 சதவீதத்தினரின் துணைவரும் மார்மன்களே. ஆகவே எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சித் தாள்கள் எல்லாம் ‘நம்பிக்கை நெருக்கடி’, ‘உடைந்த உடன்படிக்கை’, ‘துரோக உணர்வு’ என்றே பேசின. ஆலயத்தில் வாக்குக் கொடுத்து மீறியவனுக்கும் வாக்கே கொடுக்காதவனுக்கும் வேறுபாடு உண்டு. என் மனைவியின் துயரத்தில் ஏமாற்றம் கிடையாது. அவர் தெரிந்தே தேர்ந்தெடுத்த துயரம் அது, அதனால் அதை யாரிடமும் சொல்லி அழும் உரிமைகூடத் தமக்கு இல்லை என்று அவர் நினைத்திருந்தார். இந்த வேறுபாட்டை ஆலோசகர் புரிந்துகொண்டது எட்டில் இரண்டாவது அமர்வின் முடிவில்தான். அதற்குள் 330 டாலர் போய்விட்டது.

ஆலோசகர் ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி. மாநில உரிமம் பெற்ற திருமண, குடும்ப ஆலோசகர். இங்கே எவரைச் சந்தித்தாலும் மனத்துக்குள் எழும் முதல் கேள்வி, இவர் உறுப்பினரா இல்லையா என்பது. இரண்டாவது அமர்வில் நேரடியாகவே கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. எந்தப் பதில் வந்தால் நீங்கள் எழுந்து போவீர்கள் என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார். நான் ஒரு பதிலுக்கு எழுந்திருப்பேன், என் மனைவி அடுத்த பதிலுக்கு எழுந்திருப்பார். எட்டு அமர்வுகள் முடிந்தும் எங்களுக்கு விடை தெரியாது. வீட்டில் அதைப் பற்றி நாங்கள் ஊகித்துக்கொள்வதுண்டு. நான் உறுப்பினர் என்கிறேன், மனைவி இல்லை என்கிறார்.

எங்கள் பேச்சு எதுவும் பிஷப்புக்குப் போகாது என்பதை முதல் நாளே எழுத்தில் தந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். மார்மன் பிஷப் சம்பளம் வாங்கும் குருவானவர் இல்லை. அதே தெருவில் வசிக்கும் கணக்காளராகவோ பொறியாளராகவோ இருக்கும் ஒருவர், சில ஆண்டுகளுக்கு அந்தப் பொறுப்பை ஏற்றிருப்பார். வார்டு என்னும் அவர்களுடைய சிறு பிரிவும் நம் தெருக்களின் எல்லையை வைத்தே பிரிக்கப்படுவது. காலையில் குப்பைத்தொட்டியை வெளியே தள்ளும்போது எதிரே நிற்பவர் நம் குடும்ப ரகசியங்களை அறிந்திருப்பாரோ என்ற எண்ணம் சாதாரணமானதில்லை. சபைக்கே சொந்தமான ஆலோசனைப் பிரிவு ஒன்று இருந்தும் நாங்கள் கைப்பணத்தைச் செலவழித்ததற்கு இதுவே காரணம்.

இனி, நான் மூன்றரை மதிப்பெண் கொடுத்ததில் மூன்றைப் பெற்றுத் தந்த மூன்றாவது அமர்வு.

மாதத்தின் முதல் ஞாயிறு மார்மன்களுக்கு உபவாச ஞாயிறு. இரண்டு வேளை உணவைத் தவிர்த்து, அந்தச் செலவை ஏழைகளுக்கென்று கொடுப்பார்கள். அன்றைய வழிபாட்டில் பிரசங்கம் இருக்காது. விரும்பிய உறுப்பினர் எவரும் மேடையேறித் தம் சாட்சியைச் சொல்லலாம். நான் மாதத்தில் ஒரு ஞாயிறு குடும்பத்தோடு போய் அமர்வதுண்டு என்றாலும், அந்த முதல் ஞாயிறுகளைத் தவிர்த்துவிடுவேன். சென்ற இலையுதிர்காலத்தில் மைத்துனரின் குழந்தைக்குப் பெயரிட்டு ஆசி வழங்கும் நாள் என்பதால் போக நேர்ந்தது. என் மனைவி எழுந்து மேடைக்குப் போனார். குடும்பத்துக்காக நன்றி சொன்னார். என் பொறுமையையும் நேர்மையையும் பற்றி, எனக்குக் கூச்சம் வரும் அளவுக்குப் பேசினார். பிறகு, என் கணவர் இன்னும் சபையில் சேரவில்லை என்றார். கூட்டம் முடிந்ததும் வழக்கத்தைவிட அதிகமான பேர் வந்து, வழக்கத்தைவிட இறுக்கமாக என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. இருநூறு பேருக்கு முன்னால் என்னை ஒரு முடியாத வேலையாக அறிவித்துவிட்டார் என்றே எனக்குப் பட்டது.

இதை நான் சொல்லி முடித்ததும், அந்த ‘இன்னும்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு அதே வாக்கியத்தை இப்போது என்னிடம் சொல்லுங்கள் என்று ஆலோசகர் மனைவியிடம் கேட்டார். எளிய பயிற்சிதானே என்று நான் அலட்சியமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மனைவி வாயைத் திறந்தார், மூடினார். மூன்று நிமிடமாவது இருக்கும். பிறகு, அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அது சாவுச் செய்தி ஆகிவிடும் என்றார். ஆலயத்தில் முத்திரிக்கப்பட்டவர்களுக்கே மறுமையின் மிக உயர்ந்த நிலையில் குடும்பமாக வாழும் பேறு கிடைக்கும் என்பது அவர்களுடைய வேதநூல் ஒன்றின் 131ஆம் பிரிவு சொல்வது. அதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்; ஒரு கொள்கையாக, எதிர்த்து வாதாடத்தக்க ஒன்றாகக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு இரவும் என் பக்கத்தில் படுத்திருப்பவர், ஒருநாள் என்னைப் பிரிந்து முடிவில்லாத காலம் வாழ வேண்டியிருக்கும் என்று உண்மையிலேயே நம்பிக்கொண்டு படுத்திருக்கிறார் என்ற வகையில் அதை நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

சூழலை இலகுவாக்க எண்ணி, நான் இறந்த பிறகு எனக்காக இன்னொருவரைப் பதிலியாக நிறுத்தி எல்லாச் சடங்கும் செய்துவிடுவீர்களே, அப்புறம் என்ன என்றேன். இறந்தவர்களுக்காக அவ்வாறு செய்வது அவர்களுடைய வழக்கம். மனைவி கண்களைத் துடைத்துக்கொண்டு, அப்போதும் அதை ஏற்பதும் மறுப்பதும் உன் விருப்பம்தான், உன் பிடிவாதம் செத்தாலும் போகாது என்றார். கோட்பாட்டின்படி அது சரியே.

அடுத்து ஆலோசகர் என் பக்கம் திரும்பினார். உங்கள் ஊர் நண்பர்களிடம் மனைவியின் நம்பிக்கையைப் பற்றி எப்படிப் பேசுவீர்கள், அவர்களிடம் சொல்லும் அதே சொற்களில் சொல்லுங்கள் என்றார். தொலைபேசியில் நான் பலமுறை சொல்லியிருப்பது ஒரே வாக்கியம்தான்: “அவ இன்னும் அதையெல்லாம் நம்பிட்டுத்தான் இருக்கா.” இதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி நடுவில் நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில், நடக்காத ஒன்று நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு ஒரு சொல்; முடிந்திருக்க வேண்டிய ஒன்று முடியாமல் தொடர்வதற்கு வேறொரு சொல். தமிழில் இரண்டுக்கும் ‘இன்னும்’ ஒன்றே. மேடையில் அவர் எனக்குச் சொன்னதையும், சமையலறையில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நான் அவருக்குச் சொன்னதையும் என் மொழியில் போட்டால் அச்சு மாறாமல் ஒரே சொல். இதை விளக்கியபோது, ஐம்பது தமிழ்ச் சொற்களுக்கு மேல் அறியாத என் மனைவி, அந்தச் சொல்லைத் தெளிவாக உச்சரித்தார். என் அம்மா தொலைபேசியில் தினமும் கேட்கும் “இன்னும் சாப்பிடலையா?” என்ற கேள்வியிலிருந்து அவர் கற்றுக்கொண்ட சொல் அது.

அந்த அமர்வு எட்டு நிமிடம் கூடுதலாகப் போனது. அதற்குக் கட்டணம் கேட்கவில்லை. அச்சொல்லைத் தடை செய்யலாமா என்று பேசி, வேண்டாம் என்று முடிவு செய்தோம். மேடையில் அவர் சொல்வதில்லை, தொலைபேசியில் நான் சொல்வதில்லை, வீட்டுக்குள் சொல்லிக்கொள்ளலாம்.

பண விஷயத்துக்கு ஒதுக்கிய அமர்வு வீண். நம்பிக்கையாளர்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகச் செலுத்துகிறார்கள். ஆண்டு இறுதியில் பிஷப்பைச் சந்தித்து, முழுமையாகச் செலுத்தினோம் என்றோ இல்லை என்றோ அறிவிக்கிறார்கள். ஆலய அனுமதிச் சீட்டுக்கு அது ஒரு நிபந்தனை. வரி பிடிப்பதற்கு முன்னுள்ள வருமானமா, பின்னுள்ளதா என்பதைச் சபை வரையறுக்காமல் அவரவர் மனச்சாட்சிக்கு விட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் மனைவி தம் சம்பளத்துக்கு மட்டும் செலுத்துகிறார். கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த ஏற்பாட்டில் நிறையச் சிக்கல் உண்டு. மகள் சிறியவளாக இருந்த நான்கு ஆண்டுகள் அவர் வேலைக்குப் போகவில்லை. அப்போது அவருடைய வருமானம் என்பது என்ன? வீட்டைப் பார்த்துக்கொண்டவருக்கு என் சம்பளத்தில் பாதி உரிமை உண்டு என்று நான் மனதார நம்புகிறவன் என்றால், அந்தப் பாதிக்கு அவர் தசமபாகம் செலுத்துவதைத் தடுக்க நான் யார்? இந்தக் கேள்வியோடு போனவர்களுக்கு, செலவு மீறும் தம்பதியருக்கான வரவுசெலவுத் தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார் ஆலோசகர். தனக்குத் தெரியாத துறை என்று ஒப்புக்கொண்டு வேறொருவரிடம் அனுப்பியிருக்கலாம். நாங்களே பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து, அந்த நான்கு ஆண்டுகளுக்கு என் சம்பளத்தின் பாதியில் பத்தில் ஒரு பங்கைக் கணக்கிட்டு, அதற்கு ஈடான தொகையில் பாதியைச் சபைக்கும் பாதியை உள்ளூர் உணவு வங்கிக்கும் சிறுகச் சிறுகக் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். கோட்பாட்டுக்கு இது ஒத்துவருமா என்று மனைவி தம் மனச்சாட்சியிடம் கேட்டுக்கொண்டார். அந்த நேர்காணலில் நான் கலந்துகொள்ளவில்லை.

காப்பியைப் பற்றி ஒரு அமர்வே தேவைப்படும் என்று நினைத்துப் போனேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. 1833இல் அறிவுரையாக வந்த ‘ஞானத்தின் வார்த்தை’ காப்பி, தேநீர், மது, புகையிலை நான்கையும் விலக்கச் சொல்கிறது. பின்னாளில் அது ஆலய அனுமதிக்கான கட்டளையாகவே ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் என் ஃபில்டர் பல ஆண்டுகளாக அடுப்பின் இடப்பக்கத்தில் இருக்கிறது. அதை நான் மறைத்ததும் இல்லை, மாமனார் வரும்போது மட்டும் வேண்டுமென்றே பெரிய டம்ளரை எடுப்பதை நிறுத்தியதும் இல்லை. இந்த இரண்டாவது பழக்கத்தை ஆலோசகர் கேட்டு வாங்கி, ஏன் என்றார். பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை, மனைவி அதற்குள் சிரித்துவிட்டார். இப்போது சிறிய டம்ளர்.

ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை மாலையைக் குடும்பத்துக்கென்று ஒதுக்கும் வழக்கம், மனைவியின் உள்ளாடை குறித்த சமய ஒழுங்கு ஆகியவை பயிற்சித் தாளில் இருந்தன. அவை எங்களுக்குச் சிக்கலாக இருந்ததில்லை என்பதால் தாண்டிப் போனோம்.

அந்த நிலையத்தார் பின்பற்றுவது உளவியலாளர் ஜான் காட்மனின் ஆய்வுகளைச் சார்ந்த முறை. தம்பதியரின் பிணக்குகளில் 69 சதவீதம் தீர்வே இல்லாமல் காலமெல்லாம் தொடர்பவை என்பது அவர் சொல்லிவரும் கணக்கு. தீர்ப்பதற்குப் பணம் வாங்குபவர்கள் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டது எனக்குப் பிடித்திருந்தது. அந்த முறையிலிருந்து வந்த ஒரு பயிற்சி: ஒருவர் மற்றவரின் நம்பிக்கையை, அவர் கேட்டு ‘ஆம், இதுவே நான் நம்புவது’ என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். நான் மூன்று வாரம் தோற்றேன். ‘உங்கள் சபை கூறுவதாவது’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் போலவே தொடங்குவேன். தகவலில் பிழை இருக்காது, மனைவி தலையை அசைத்து மறுத்துவிடுவார். கடைசியில் எனக்குக் கைகொடுத்தது கண்ணாடி. 2023இல் சரடோகா ஸ்பிரிங்ஸ் ஆலயம் அர்ப்பணிக்கப்படுவதற்கு முன், யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று திறந்திருந்த நாட்களில் நானும் போயிருந்தேன். முத்திரித்தல் அறையில் எதிரெதிர்ச் சுவர்களில் பெரிய கண்ணாடிகளைப் பதித்திருப்பார்கள். நடுவில் நிற்பவர்களின் பிம்பம் ஒன்றுக்குள் ஒன்றாக முடிவில்லாமல் போகும். அர்ப்பணத்துக்குப் பிறகு நான் அந்த அறைக்குள் கால் வைக்க முடியாது. ஆக நாங்கள் இருவரும் சேர்ந்து அப்படி ஓர் அறையில் நின்றது அந்த ஒரு முறைதான். நான் அப்போது சரவிளக்கின் விலையை யோசித்துக்கொண்டிருந்தேன். மனைவி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது அமர்வில் அந்த அறையை நினைவுகூர்ந்து, அந்தக் கண்ணாடியில் நீ என்னையும் பார்த்தாய், நான் அதில் எத்தனை தூரம் தெரிகிறேன் என்று எண்ணிப் பார்த்தாய் என்று சொன்னேன். அதற்கு அவர் ஆம் என்றார்.

அவர் என் பக்கத்தைச் சொல்ல ஒரே முறைதான் எடுத்துக்கொண்டார். இறந்த பிறகு ஒன்றும் இல்லை என்று நம்புவதால், இன்று மாலை வீட்டுக்குத் தாமதமாக வருவது உனக்கு என்னைவிடப் பெரிய இழப்பு என்றார். இதற்கு மேல் என்னாலேயே சொல்ல முடியாது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

கடைசி மூன்று அமர்வுகளும் மகளைப் பற்றியவை. இந்தச் சேவைக்குப் பணம் கொடுக்கலாம் என்று நான் சொல்வதற்கு இவையும் காரணம். நான் தடுக்கப் போவதில்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன், அதுவே பெருந்தன்மை என்றும் எண்ணியிருந்தேன். சம்மதக் கையெழுத்தைப் போட்டுவிட்டு அன்றைக்கு எங்கே இருப்பீர்கள் என்று ஆலோசகர் கேட்டார். அன்று என்ன நடக்கும் என்பது எனக்கு மேலோட்டமாகவே தெரியும். சனிக்கிழமை ஒன்றில், வெள்ளை உடை அணிந்த குழந்தை, வெள்ளை உடை அணிந்த ஒருவரோடு சிறிய தொட்டியின் படிகளில் இறங்குவாள். சாதாரணமாக அந்த இன்னொருவர் தந்தையாகவே இருப்பார். எங்கள் வீட்டில் அது மகளின் தாத்தா. பிறகு தலையில் கைவைத்து அவளைச் சபை உறுப்பினராக உறுதிப்படுத்தும் வட்டத்தில் தாத்தாவும் மாமாவும் நிற்பார்கள். என் மனைவிக்கும் இடம் உண்டு: 2019 முதல் ஞானஸ்நானம் பெற்ற உறுப்பினர் எவரும், பெண்களும் சிறுவர்களும்கூட, சாட்சியாக நிற்கலாம் என்று சபை விதியை மாற்றியிருக்கிறது. எல்லாரும் ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது, எதையும் தடுக்காத தந்தை முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மகள் தண்ணீரிலிருந்து எழுந்ததும் முதலில் தேடுவது அந்த நாற்காலியைத்தான் என்று மனைவி சொன்னார். அங்கே என் முகம் எப்படி இருக்கும் என்பது எனக்கே தெரியவில்லை.

மகளிடம் என்ன சொல்வது என்பதை இரண்டு அமர்வுகளில் ஒத்திகை பார்த்தோம். ‘அப்பா இதை நம்புகிறாரா’ என்று கேட்டால் இல்லை என்று சொல்வேன். அதை மனைவி மறைக்கச் சொல்லவில்லை. ‘அப்படியென்றால் அம்மா சொல்வது பொய்யா’ என்று கேட்டால் என்ன சொல்வது என்பதில்தான் இரண்டு பேருக்கும் வியர்த்தது. நான் தயாரித்து வைத்திருந்த பதில் நீளமானது, நியாயமானது, எட்டு வயதுக் குழந்தைக்கு உதவாதது. ஆலோசகர் அதை மூன்று முறை சுருக்கச் சொன்னார். ‘அம்மா உன்னிடம் பொய் சொல்ல மாட்டார், அம்மாவும் நானும் உலகத்தைப் பற்றி வேறு வேறாக நினைக்கிறோம், நீ பெரியவளாகும்போது நீயும் நினைத்துப் பார்ப்பாய்’ என்ற அளவில் நின்றது. ‘அப்பா நம்மோடு வரமாட்டாரா’ என்ற கேள்வி வந்தால் மனைவி சொல்ல வேண்டிய பதிலும் ஒத்திகையில் உண்டு. அதை அவர் முதல்முறை சொன்னபோது ‘இன்னும்’ வந்தது. இரண்டாம் முறை வரவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அந்தச் சொல் இல்லாமல் அந்த வாக்கியம் அவருக்கு எவ்வளவு கனம் என்பது இப்போது தெரியும் என்பதால்.

பிற குறைகளையும் எழுதிவிடுகிறேன். ஓர் அமர்வு 50 நிமிடம், 165 டாலர். எட்டுக்கும் சேர்த்து 1,320 டாலர். எங்கள் மருத்துவக் காப்பீடு தம்பதியர் ஆலோசனையை ஏற்கவில்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. மகளுக்குக் காய்ச்சல் வந்த நாளில், 48 மணி நேரத்துக்கு முன் சொல்லவில்லை என்று முழுக் கட்டணத்தையும் எடுத்துக்கொண்டார்கள். குடும்பத்துக்கான சேவை என்று பலகை வைத்திருப்பவர்கள் குழந்தைக் காய்ச்சலுக்கு விலக்கு அளிக்கக் கூடாதா என்று கேட்டு நான் எழுதிய மின்னஞ்சலுக்கு விதியின் நகல் பதிலாக வந்தது. பனி கொட்டிய வாரத்தில் காணொளி வழியாக நடந்த அமர்வில் மனைவி அழுதது ஆலோசகரின் திரையில் உறைந்து நின்றுவிட்டதால், அழுது முடித்த பிறகே அவருக்குத் தெரிந்தது. படிவத்தில் நான்காவது கட்டம் ஒன்று சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். மாலை ஏழு மணிக்கும் நேரம் தருகிறார்கள் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி.

எட்டாவது அமர்வில் ஒரு விஷயம் தற்செயலாக வந்தது. ஞானஸ்நானத்தில் உடல் முழுவதும் தண்ணீருக்குள் போக வேண்டும். ஒரு கால் விரலோ ஒரு கற்றை முடியோ மேலே நின்றுவிட்டால், சாட்சிகள் சொல்ல, மறுபடியும் முழுக வைப்பார்கள். என் மனைவிக்கு எட்டு வயதில் அப்படி இரண்டு முறை ஆனதாம். நீளமான தலைமுடி, விரித்துவிட்டிருந்தார்களாம், மிதந்துவிட்டது. அதற்காகவே நீளமுடிச் சிறுமிகளுக்கு இறுக்கப் பின்னிவிடுவது இங்கே வழக்கம். எங்கள் வீட்டில் மனைவி விடியும் முன்பே வேலைக்குக் கிளம்புகிறவர் என்பதால், மழலையர் பள்ளி நாள் முதல் மகளுக்குத் தலைபின்னிவிடுவது நான். இதைக் கேட்ட ஆலோசகர் தம் மஞ்சள் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். மகளிடம் சொன்னோம், ஒற்றைப் பின்னலா இரட்டைப் பின்னலா என்று கேட்டாள்.

ஒற்றைப் பின்னலை மடித்துக் கட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. சென்ற சனிக்கிழமை குளியல் தொட்டியில் ஒத்திகை பார்த்தோம், நுனி அவிழ்ந்துவிட்டது. ரப்பர் பேண்டு இரண்டு போதாது, மூன்று வேண்டும். ஒன்பதாவது அமர்வை அந்த நாளுக்கு அடுத்த வியாழக்கிழமை, மாலை ஏழு மணிக்குப் பதிவு செய்திருக்கிறோம்.